ஏஜென்ட் எழுதித் தரும் கதை வேண்டாம்

கேள்வி: நான் ஒரு திருநங்கை. கேமரன் மலை, கியா பார்மில் காய்கறிக் கடையில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அவருடைய அண்ணன்மார், "குவாந்தானில் நடந்தது உனக்கும் நடக்கும்" என்று குரல்பதிவு அனுப்புகிறார்கள். போன மாதம் கடைக்கே வந்து என்னை அடித்தார்கள். போலீசில் சொல்லப் போனால், "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் வாங்கித் தர ஒரு ஏஜென்ட் ஆளுக்கு ஒன்பதாயிரம் வெள்ளி கேட்கிறார். நூர் சஜாட்டுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைக்குமா அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கியா பார்ம்

பதில்: கிடைக்க வழி இருக்கிறது, சகோதரி. ஆனால் நூர் சஜாட்டின் கதையைச் சொல்லிக் கிடைக்காது. முஸ்லிம் திருநங்கையான அவர் மேல் 2021 ஜனவரியில் ஷா ஆலம் ஷரியா நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வந்தது. தாய்லாந்துக்குத் தப்பினார், அங்கே பிடிபட்டார், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்று அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். ஷரியா சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். கோயிலில் தாலி கட்டிக்கொண்ட உங்களை அது தொடாது. "மத இலாகா என்னைத் தேடுகிறது" என்று ஏஜென்ட் உங்கள் மனுவில் எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு அந்த ஒரு வரி போதும், மனுவைத் தள்ளிவிட.

2017, 2018 வாக்கில் ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசாவுக்கு மனு போட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் மலேசியர்கள். பெரும்பாலானவை தள்ளுபடி. பழத்தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்கள் ஒரே கதையைப் பெயர் மாற்றிப் போட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பாவம் உண்மையான ஆபத்தில் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் தலையில் விடிகிறது.

உங்கள் சொந்தக் கதையே போதுமான கனம் உள்ளது. அண்ணன்மார் சொல்லும் 'குவாந்தான்' எது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2015-இல் தன்னைக் கடத்தியவர்களுக்கு எதிரான வழக்கில் சாட்சி சொல்ல இருந்த திருநங்கை சமீரா கிருஷ்ணன், 2017 பிப்ரவரியில் அங்கே கொல்லப்பட்டார். நீங்கள் இருப்பதும் அதே பகாங் மாநிலம். அந்தக் குரல்பதிவை அழிக்காதீர்கள். வேறொரு போனிலும் ஏற்றி வையுங்கள்.

அடைக்கல அதிகாரி கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கோலாலம்பூரிலோ பினாங்கிலோ போய் இருக்கலாமே?" இதற்குப் பதில் உங்கள் அடையாள அட்டையான மைகார்டில் இருக்கிறது. பன்னிரண்டு எண்களில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வாடகை வீடு, வங்கி, மருத்துவமனை, ரோட்டில் போலீஸ் சோதனை, எங்கே நீட்டினாலும் அந்த எண் உங்களைக் காட்டிக்கொடுக்கும். மாற்ற முடியாதா என்றால், 2005-இல் 'ஜே.ஜி.' வழக்கில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மாற்றச் சொன்னது. 2016-இல் நீதிபதி நந்த பாலனும் டான் பூய் யீ என்பவருக்கு அப்படியே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. இன்றைய நிலையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்த ஊரில் வேலை கேட்டீர்கள், எங்கே வீடு மறுத்தார்கள், லோரி ஓட்டும் கணவரை அண்ணன்மார் எப்படித் தேடிப் பிடிப்பார்கள் என்பதை எல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள்.

"அடக்கமாக, தெரியாமல் இருந்தால் ஆபத்தில்லையே" என்றும் கேட்பார்கள். மறைந்து வாழச் சொல்லி அடைக்கலம் மறுக்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2003-இலேயே சொல்லிவிட்டது.

இனி உங்கள் திருமணம். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிய வேண்டும். 1976 திருமணச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, அட்டையில் இருவரும் ஆண் என்றால் அது திருமணமே இல்லை என்கிறது. ஆஸ்திரேலியக் குடிநுழைவுச் சட்டமோ பதிவில்லாமல் சேர்ந்து வாழும் துணையையும் குடும்பமாக ஏற்கிறது. தாலி கட்டிய படம், வீட்டு வாடகைச் சீட்டு, சேமநிதியில் வாரிசாகப் போட்ட பெயர், மாறிமாறிப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் சான்று. இருவரும் ஒரே மனுவில் சேரலாம். அவருக்கும் மிரட்டல் வந்திருந்தால் அதை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும்.

போலீசுக்குத் திரும்பப் போங்கள். போய் என்ன பிரயோஜனம் என்பீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107-ஆவது பிரிவின்படி புகாரை அவர்கள் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். கொலை மிரட்டல் தண்டனைச் சட்டம் 506-இன் கீழ் ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். விசாரணை நிலையை எழுத்தில் கேட்க 107ஏ பிரிவு இடம் தருகிறது. அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த ரிப்போர்ட் நகலே 'அரசு காப்பாற்றவில்லை' என்பதற்குச் சான்றாகும். கூட ஒரு வழக்கறிஞரை அழைத்துப் போங்கள். அடியையும் மிரட்டலையும் மட்டும் சொல்லுங்கள். படுக்கையறை பற்றிக் கேட்டால் பதில் தர வேண்டாம். 'இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 377பி எல்லா மதத்தாரையும் தொடும், சிறை இருபது ஆண்டு வரை போகும்.

ஐ.நா. ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகம் வெளிநாட்டு அகதிகளுக்கானது. சொந்த நாட்டுக்குள் இருக்கும் உங்களை அகதியாகப் பதிய முடியாது. ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பு விசாவுக்கும் முறையான விசாவில் அங்கே நுழைந்த பிறகுதான் மனு போட முடியும். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்வது குற்றம் என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். அங்கே குடிநுழைவு ஆலோசனை தரப் பதிவு பெற்ற முகவருக்கும் வழக்கறிஞருக்கும்தான் உரிமை. அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் ஏஜென்ட் பெயரைத் தேடிப் பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும், கோலாலம்பூரில் திருநங்கைகளுக்காக இயங்கும் 'ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்' அமைப்பையும் தொடர்புகொள்ளுங்கள். அதுவரை இரவில் தனியாகக் கடையை அடைக்காதீர்கள். ஏஜென்ட் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், கடப்பிதழையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.