ஒரு சொல்லும் ஓர் உரிமையும்

நுழையும்முன்

மேசையைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்லலாம். மானத்தையோ அன்பையோ அவ்வாறு சுட்ட இயலாது. ஆகவே, பிறமொழிப் பண்புப்பெயர்களைத் தமிழாக்குவோர் பொருளைத் துணிந்த பின்னரே சொல்லைத் தேடவேண்டும். 'பிரைவசி' என்னும் ஆங்கிலச் சொல்லை அவ்வாறு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'பொதுப்பதவி வகிக்காத', 'தனி ஒருவருக்கு உரிய' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லே இதன் வேர். 'தனியார் பேருந்து' என்பதில் நாம் பெயர்த்து வழங்கும் 'பிரைவேட்' என்பதும் அவ்வேரில் பிறந்ததே.

சிலர் இச்சொல்லைத் 'தனிமை' எனப் பெயர்ப்பர். அஃது எங்கும் பொருந்துமா? கண்காணிப்புக் கருவி பொருத்திய அறையில் ஒருவர் மட்டும் இருக்கிறார். அவருக்குத் தனிமை உண்டு, பிரைவசி இல்லை. நெரிசல்மிக்க பேருந்தில் இரு தோழியர் காதோடு காதாகப் பேசுகின்றனர். அவர்களுக்குத் தனிமை இல்லை, பிரைவசி உண்டு. தன்னைப் பற்றியவற்றுள் எதனை, யாருக்கு, எவ்வளவு வெளிப்படுத்துவது என்பதைத் தானே முடிவுசெய்யும் நிலையே இச்சொல்லின் உட்பொருள்.

எனவே, இடமறிந்து பெயர்த்தல் வேண்டும். காக்கப்படும் செய்தியைக் குறிக்குமிடத்து 'அந்தரங்கம்' என்றும், சட்டம் தரும் பாதுகாப்பைக் குறிக்குமிடத்துத் 'தனியுரிமை' என்றும் வழங்குதல் தகும்.

சட்டத்தின் பார்வையில்

1890ஆம் ஆண்டு, செய்தித்தாள்களும் நிழற்படக் கருவியும் இல்வாழ்வினுள் நுழைவதைக் கண்ட அமெரிக்க வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைசு ஆகியோர் தனியுரிமை குறித்து ஆர்வர்டு சட்ட இதழில் கட்டுரை வரைந்தனர். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைகள் சாற்றுரையின் 12ஆம் உறுப்பு இதனை ஏற்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு பிணைந்த அடிப்படை உரிமையே தனியுரிமை என்பது அத்தீர்ப்பு.

தமிழ் மரபில்

அகத்திணைப் பாடலில் காதலரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. தலைவன், தலைவி என்றே கூறுதல் வேண்டும். இது செய்யுள் மரபே, சட்டம் அன்று. எனினும், அகவாழ்வைப் பேசலாம், அதற்குரியவரை அடையாளங்காட்டலாகாது என்னும் நாகரிகம் இதனுள் அமைந்துள்ளது. நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயர் இல்லை. அவனது அடையாளப் பூவாகிய வேம்பு மட்டுமே வேலில் சுட்டப்படுகிறது. அவ்வொரு குறிப்பைக் கொண்டே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறம் எனத் துணிந்தார்.

மாணவர்களே! தோழி ஒருத்தி அழும் நிழற்படத்தைப் பெயர் குறிப்பிடாமல் அலைபேசியில் பிறருக்கு அனுப்புகிறோம் எனக் கொள்வோம். சீருடையும் பின்னணியில் தெரியும் வகுப்பறையும் அவளை இன்னாரெனக் காட்டிவிடுமே! வேம்பின் ஓர் இலை போதும், அகம் புறமாகிவிட. அனுப்புமுன் அவளது இசைவைக் கேட்பதே இச்சொல்லின் பொருளை உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

கற்பவை கற்றபின்...

1. 'தனிமை', 'அந்தரங்கம்', 'தனியுரிமை' ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து, பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. பிறர் நாட்குறிப்பைப் படித்தல் முறையா என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.