கரையில் நின்றே ஃப்ளை தூண்டில்: புதியவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஃப்ளை தூண்டில் என்றதும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கும் ஆளின் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. மலையாறுகளில் ட்ரவுட் மீன்கள் பெரும்பாலும் கரையோரமாகவே இரை தேடுகின்றன. தண்ணீருக்குள் கால் வைக்கிறவர் முதலில் விரட்டுவது அந்த மீன்களைத்தான்.

இந்தக் குறிப்புகளை இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். பனிமலையில் பிறந்து, குஷைனி, பஞ்சார் பக்கமாக ஓடி, லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு சேரும் ஆறு இது. இங்குள்ள பிரவுன் ட்ரவுட் நம் நாட்டு மீன் அல்ல. 1900இல் பிரிட்டனிலிருந்து காஷ்மீருக்கு வந்த முட்டைகள் பிழைத்துப் பெருகின. அங்கிருந்து 1909இல் குலு பள்ளத்தாக்குக்கு இந்த மீன் வந்தது.

1. முதல் வேலை அனுமதிச் சீட்டு. இமாச்சலில் மீன்வளத் துறையின் சீட்டு இல்லாமல் ட்ரவுட் பிடிக்கக் கூடாது. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மீன் முட்டையிடும் காலம் என்பதால் முழுத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழைக் கலங்கல். எனவே மார்ச், ஏப்ரல் மாதங்களிலோ, மழை ஓய்ந்த பிறகு அக்டோபரிலோ போவது நல்லது. ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும் என்பதையும் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அருகிலுள்ள தேசியப் பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்றும் கேளுங்கள். அதற்குள் விதிகள் வேறு.

2. ஒன்பது அடி நீளத்தில், 5ஆம் எண் ராட் ஒன்று போதும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஈ போலக் கட்டிய முள்ளுக்குக் கனமே கிடையாது. கனம் முழுவதும் லைனில்தான் இருக்கிறது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி மட்டும் சுமார் 9 கிராம் இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கி வளையும்படிதான் ராட் செய்யப்படுகிறது. அதனால் ராடின் எண்ணும் லைனின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மிதக்கும் லைனில், முன்பக்கம் தடித்த வகையைக் கேட்டு வாங்குங்கள். பணம் குறைவாக இருந்தால் ரீலில் மிச்சம் பிடியுங்கள், லைனில் பிடிக்காதீர்கள். சிறிய ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவுதான்.

3. லைனின் நுனியில் லீடர் என்ற நரம்பு. ஒன்பது அடி நீளம், போகப்போக மெலிவது. அதன் முனையில் டிப்பெட் என்ற மெல்லிய துண்டு. டிப்பெட்டின் தடிமனை 4எக்ஸ், 5எக்ஸ் என்று குறிப்பார்கள். எண் கூடினால் நரம்பு மெலியும். 5எக்ஸ் சுமார் 0.15 மில்லிமீட்டர். முள்ளுக்கும் அப்படியே, எண் கூடினால் முள் சிறியது. எந்த முள்ளுக்கு எந்த டிப்பெட் என்று குழப்பம் வந்தால் முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். 14ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ் சரியாக வரும்.

4. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே நரம்பு பலம் இழந்துவிடும். முள்ளின் காதில் நுழைத்து, நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றி, முதல் கண்ணியில் விட்டு இழுக்கும் ஒரே ஒரு முடிச்சை வீட்டிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் போடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். மாலை மங்கும் நேரத்தில்தான் மீன் அதிகம் மேலே வரும். அப்போது முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கக் கூடாது.

5. வீசுவதற்குப் பழக ஆறு வேண்டாம், புல்தரை போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். 15, 20, 25 அடிகளில் பழைய தட்டுகளை வைத்து அவற்றில் விழும்படி வீசுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வீசுவதைவிடத் தினமும் கால்மணி நேரம் வீசுவது கைக்கு நன்றாகப் பதியும். மணிக்கட்டு அதிகம் மடங்கினால் லைன் பின்னால் தரையில் விழும். ராடின் அடிப்பகுதியையும் முன்கையையும் சேர்த்து ஒரு துணிப்பட்டையைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் மணிக்கட்டு தானாக அடங்கும். தலைக்கு மேல் மின்கம்பி உள்ள இடத்தில் மட்டும் பழகவே கூடாது.

6. வீச்சில் பலத்தைவிட நிதானம்தான் முக்கியம். ராடைப் பின்னால் கொண்டுபோய்த் தலைக்குச் சற்றுப் பின்னே சட்டென்று நிறுத்துங்கள். லைன் பின்பக்கம் முழுவதும் நீளும்வரை காத்திருங்கள். பிறகுதான் முன்னால் வர வேண்டும். காத்திருக்காமல் வந்தால் ‘சடக்’ என்று சத்தம் கேட்கும், நுனியில் இருந்த முள் பறந்துபோயிருக்கும். தலையைத் திருப்பி லைன் நீள்வதைக் கண்ணால் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. லைன் நீளமாக ஆக ஆகக் காத்திருக்கும் நேரமும் கூட வேண்டும்.

7. கரையில் நிற்கிறவர்களுக்கு முதுகுப்பக்கம் எப்போதும் மரமோ புதரோ இருக்கும். அதற்கு ரோல் காஸ்ட் என்ற வீச்சுதான் கைகொடுக்கும். தண்ணீரில் கிடக்கும் லைனை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். ராடைக் காதுக்குப் பின்னால்வரை உயர்த்துங்கள். லைன் தோளுக்குப் பின்னால் அரைவட்டமாகத் தொங்கும். ஒரு நொடி நில்லுங்கள். பிறகு ராடை வேகத்தைக் கூட்டிக்கொண்டே முன்னால் தள்ளிச் சட்டென்று நிறுத்துங்கள். லைன் சுருண்டு உருண்டு முன்னே விழும். இதைப் புல்தரையில் பழகினால் சரிவராது. லைனைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால்தான் இந்த வீச்சு எழும்பும். என்னைக் கேட்டால், கரையில் நிற்கும் புதியவர் வழக்கமான வீச்சுக்கு முன்பே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

8. மீன் உங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் மீனைப் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பைத் தவறவிட்டால் மற்றவற்றால் பயனில்லை. தண்ணீருக்குள்ளிருந்து மீன் வெளியுலகைப் பார்ப்பது தலைக்கு மேலுள்ள ஒரு வட்டத்தின் வழியாகத்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் அகலம் சுமார் இரண்டேகால் மீட்டர். ஒளி வளைவதால் கரையில் நிற்கும் ஆளும் அந்த வட்டத்தின் விளிம்பில் தெரிந்துவிடுவார். ஆனால் நீர்மட்டத்தையொட்டித் தாழ்வாக இருப்பவை நசுங்கி மங்கித்தான் தெரியும். ஆகவே குனியுங்கள், தேவையானால் முழங்காலிடுங்கள், பாறையை மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறச் சட்டை வேண்டாம். உங்கள் நிழலும் ராடின் நிழலும் தண்ணீரில் விழாத பக்கம் நில்லுங்கள். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்தே நிற்கும் என்பதால் கீழிருந்து மேலாக, அதன் வால்பக்கமாக நெருங்குங்கள். பேச்சுச் சத்தம் பெரிதாகத் தண்ணீருக்குள் போகாது. ஆனால் கரையில் கால் அதிர்ந்தால், மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு அதை உடனே உணர்ந்துவிடும்.

9. கண் கூசாத போலராய்ட் கண்ணாடி அணிந்தால் தண்ணீரின் மினுமினுப்பு விலகி அடி தெரியும். மீனை மீனாகத் தேடாதீர்கள். அசையும் நிழல், வாயின் வெள்ளை, வாலின் ஆட்டம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

10. முதல் வீச்சு காலடித் தண்ணீருக்கு. விளிம்பிலிருந்து நான்கைந்து அடி பின்தள்ளி நின்று, லைன் புல்மேலும் லீடர் மட்டும் தண்ணீரிலும் விழும்படி போடுங்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். எதிர்க்கரைக்கு வீசும் ஆசையை அடக்குங்கள். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோடு, நுரை சேர்ந்து மிதந்து வரும் தடம், பெரிய பாறையின் முன்னும் பின்னும் உள்ள அமைதியான நீர், கரை அரித்து உள்வாங்கிய இடம் என்று இந்த நான்கையும் பார்த்துவிட்டால் ஆற்றின் பாதியைப் பார்த்த மாதிரி. ஒரே இடத்தில் நின்று முப்பது தடவை வீசுவதில் அர்த்தமில்லை. ஐந்தாறு நல்ல வீச்சுக்கு மீன் வராவிட்டால் நகருங்கள்.

11. எந்த ஈயைக் கட்டுவது என்று பெட்டியைப் பார்த்து யோசிக்க வேண்டாம். ஓரத்தில் உள்ளங்கை அளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தட்டையான உடலும் மெல்லிய இரண்டு, மூன்று வால்களுமாகக் கல்லோடு ஒட்டி நழுவி ஓடுவது மேஃப்ளையின் இளம் பருவம். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு செய்து அதற்குள் இருப்பது காடிஸ் புழு. ட்ரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கும் இவைதான். நிறத்தையும் நீளத்தையும் பார்த்து அதற்கு நெருக்கமானதைக் கட்டுங்கள். பிறகு கல்லை எடுத்தபடியே திரும்ப வையுங்கள்.

12. தொடக்கத்தில் ஐந்து வகை இருந்தால் போதும். நீருக்கடியில் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர். மேலே மிதக்க ஆடம்ஸ், எல்க் ஹேர் காடிஸ். தண்ணீர் சற்றுக் கலங்கியிருந்தால் கறுப்பு வூலி பக்கர். ஒவ்வொன்றிலும் 12, 14, 16 அளவுகளில் இரண்டிரண்டு. ஃபெசன்ட் டெயில் இங்கிலாந்தின் ஏவான் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயரின் கைவண்ணம். நூலுக்குப் பதில் மெல்லிய செப்புக்கம்பியாலேயே இறகைக் கட்டினார். கம்பியின் கனத்தால் முள் நேராக அடிக்கு இறங்கியது. அத்தனை எளிமையான அது இன்றும் உலகமெங்கும் மீன் பிடித்துக் கொடுக்கிறது.

13. ஈ மிதக்கும் வேகமும் பக்கத்தில் மிதக்கும் நுரையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள வேகமான ஓட்டம் லைனை இழுத்தால் ஈ கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அனுபவப்பட்ட ட்ரவுட் அதைத் தொடாது. லைன் விழுந்த உடனே ராடின் நுனியால் அதை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் மெல்ல எடுத்துப் போடுங்கள். கூடியவரை லைனைத் தண்ணீரில் படாமல் தூக்கியே வைத்திருப்பது இன்னும் நல்லது.

14. நீருக்கடியில் போகும் ஈயை மீன் தொட்டது தெரியவில்லையா? லீடரில், தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு மேலே, பளிச்சென்ற கம்பளி நூல் துண்டைக் கட்டி, அது மிதக்க வாஸ்லின் தடவிவிடுங்கள். அது நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, அமிழ்ந்தாலோ உடனே ராடை உயர்த்துங்கள். மேலே மிதக்கும் ஈக்கு மட்டும் அவசரம் கூடாது. மீன் வாயில் வாங்கித் தலையைக் கீழே திருப்பிய பிறகு உயர்த்த வேண்டும். இரண்டிலும் வெடுக்கென்று இழுத்தால் 5எக்ஸ் நரம்பு அறுந்துபோகும்.

15. ஆற்றுக்குப் புறப்படும் முன்பே முள்களின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் செதிலைச் சின்ன குறடால் நசுக்கிவிடுங்கள். லைன் தொய்யாமல் வைத்திருந்தால் மீன் தப்பாது. விடுவிக்கும்போதும் மீனின் வாய் கிழியாது. உங்கள் விரலில் குத்தினாலும் சுலபமாக எடுக்கலாம்.

16. பிடித்த மீனைக் கல்மேல் இழுத்துப் போடாதீர்கள். நீண்ட கைப்பிடியுள்ள ரப்பர் வலையைக் கையோடு வைத்துக்கொண்டு, ஓட்டமில்லாத ஓரத்துக்கு மீனை அழைத்து வந்து அதில் ஏந்துங்கள். தொடும் முன் கையை நனைப்பது கட்டாயம். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்புப் பூச்சை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடித்து அது செத்துப்போகலாம். முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருங்கள். அது தன் பலத்தில் நழுவிப் போகட்டும். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட்டைத் தொல்லை செய்யவே வேண்டாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, விட்ட மீனும் பிழைக்காமல் போகலாம்.

17. இந்தக் குறிப்பை வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். 2014 ஜூன் 8 அன்று, லார்ஜி அணைக்குக் கீழே தலோட் அருகில், பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் வெயிலடிக்கும் நாளிலும் வெள்ளம் வரும். நடுப்பாறைக்கு ஒருபோதும் போகாதீர்கள். வந்ததும் நீர்மட்டத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அடிக்கடி பாருங்கள். கல் மூழ்கினாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலோ, சைரன் கேட்டாலோ, தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நல்ல ஏறுவழி உள்ள கரையாகப் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

18. தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டுமல்ல, காற்றடிக்கும்போது முள் முகத்தில் பாயாமலிருக்கவும்தான். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும்.

19. வீட்டுக்கு வந்ததும்: பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் லைனை நனைத்து, மென்துணியால் துடைத்தால் மறுபடி நன்றாக மிதக்கும். ராடின் இணைப்புகளில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தால் வீசும்போது கழன்று போகாது. ஈரமான ஈக்களைப் பெட்டியில் அடைத்தால் முள் துருப்பிடிக்கும். ஒரு தெர்மகோல் துண்டில் குத்தி நிழலில் உலர்த்திய பிறகு, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு சேர்த்து வையுங்கள். கொசு விரட்டி தடவிய கையால் லைனைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் லைனின் பூச்சைக் கரைத்துவிடும்.

20. நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. 1860களில் ஃபிரான்சிஸ் டே முயன்று பலிக்காததை, 1900களின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் சாதித்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் உருவானது. அந்த ஓடைகளில் பல இன்று பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் இருக்கின்றன. உதகையில் மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டு, அனுமதி உண்டு என்று அவர்கள் சொன்ன நீரில் மட்டும் தூண்டில் போடுங்கள்.

21. வெட்டிய டிப்பெட் துண்டுகளைக் கரையில் எறியாதீர்கள். நைலான் மட்காது. ஆற்றோரக் கற்களில் பூச்சி பொறுக்கும் பறவைகளின் கால்களில் சிக்கினால் அவற்றால் அவிழ்க்க முடியாது. ஒரு சின்ன டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உங்கள் துண்டுகளோடு முன்னால் வந்தவர் விட்டுப்போனதையும் சேர்த்து எடுத்து வந்துவிடுங்கள்.