அரிசியில் மட்டுமா பிழை?

“இரண்டு வாய் சோற்றோடு வயிறு பொருமுது, அரிசி சரியில்லை.” இடம்பெயர்ந்து நல்லூரில் வாழும் முதியோர் இப்படிச் சொல்வதுண்டு. அவர்களுக்கு நெடுநாள் நீரிழிவு இருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

இரைப்பை உணவை அரைத்து, சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குத் தள்ளுகிறது. நீடித்த நீரிழிவு அதை இயக்கும் நரம்பைப் பாதித்தால் உணவு தேங்கும். மருந்து முந்தி, உணவு பிந்தினால் இரத்தத்தில் சீனி சடுதியாக இறங்கும்.

இதனை அளக்க விழுங்கும் குளிசைகள் செய்யப்பட்டன. 1957இல் மக்கே, ஜேக்கப்சன் இருவரும் குடலுக்குள்ளிருந்து வானொலி அலை அனுப்பும் குளிசையை அறிவித்தனர். 2006இல் ‘ஸ்மார்ட்பில்’ ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அமிலத்தன்மை, அமுக்கம், வெப்பநிலை ஆகியவற்றை நோயாளி அணிந்த சிறு பெட்டிக்கு அனுப்பியது. இரைப்பையில் அமிலம் அதிகம், சிறுகுடலில் குறைவு. ஆகவே அமிலம் சடுதியாகக் குறையும் நேரமே குளிசை இரைப்பையைக் கடந்த நேரம். 5 மணித்தியாலத்துக்கு மேற்பட்டால் தாமதம் எனக் கொண்டனர்.

நமக்கு ஒரு கொப்பியாவது உண்டு. உண்ட நேரம், பொருமிய நேரம், வாந்தி, மலம் கழித்த நாள் என்பவற்றை எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல் காணப்பட்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

குழுவாகச் சிந்திக்க: நம் வீட்டில் யாருடைய நோவை அரிசியின் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறோம்?