நாளை மழை என்றார்களே!

கேள்வி: 'நாமக்கல் மாவட்டத்தில் நாளை இடியுடன் மழை' என்று டிவியில் அடித்துச் சொன்னார்கள். களத்தில் காய்ந்த கடலைக்காயை ஆள் வைத்து அள்ளினோம். துளி விழவில்லை. இவர்களை எப்படி நம்புவது?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கூலி கொடுத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். வானிலை மையம் 'ஓரிரு இடங்களில்' என்றால், மழை கால் பங்கு மழைமானி நிலையங்களுக்கு மேல் பதிவாகாது என்று கணக்கு. டிவி தலைப்பில் அந்த 'ஓரிரு' உதிர்ந்துபோகிறது. இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். ராசிபுரத்தில் கொட்டும்போது உங்கள் மலையடிவாரத்தில் வெயில் காயும். எந்தக் களத்தில் விழும் என்று முந்தின நாளே எவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் செல்போன் ஆப்பை நான் நம்புவதில்லை.

பெரிய மழையிலும் இதே சிக்கல்தான். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர, அஞ்சிய பெருமழை வரவில்லை. அதே ஆண்டு ஃபெஞ்சல் புயல் கரையேறிய பின் கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது! அதனால் எச்சரிக்கையை உதறிவிடாதீர்கள். எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி டிவிக்காரர்களைக் கேளுங்கள். ஆள் கூப்பிடுமுன் வானிலை மையத்தின் மூன்று மணி நேர அறிவிப்பைப் பாருங்கள்; தார்ப்பாயைக் களத்திலேயே வைத்திருங்கள்.