பிறந்த இடமும் குடியுரிமையும்: ஒரு பாஸ்போர்ட் மனு கற்றுத் தந்தவை



சென்ற வருடம் ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது நம் முஹல்லாவைச் சேர்ந்த பிரியாணி மாஸ்டர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். அவர் கைப்பக்குவத்தைச் சாப்பிடாத கல்யாண வீடு நம் ஊரில் குறைவு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மாஸ்டர் என்றே எழுதுகிறோம். துபாயில் உணவகம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அவரைத் தலைமைச் சமையல்காரராக அழைத்திருந்தார். மகள் நர்சிங் படிக்கிறாள், கட்டணம் பாக்கி இருக்கிறது. வேலை கையில், விசாவும் தயார். ஆனால் நாற்பத்தைந்து வயதாகியும் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை.

எங்களிடம் அவர் கேட்டது ஒரு கடிதம். “இன்னார் நம் ஊரில், இன்ன தெருவில், வீட்டில் வைத்துப் பிறந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும்” என்று டிரஸ்ட் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால், அதையும் அவருடைய உம்மாவின் பிரமாண வாக்குமூலத்தையும் வைத்து உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்லியிருந்தார். மாஸ்டரை நாங்கள் சிறு வயது முதலே அறிவோம். நம் மதரஸாவில் ஓதியவர், இங்குள்ள பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் இருக்கின்றன. நாங்களும் கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டோம். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அப்போது உடன் வந்திருந்த அவருடைய உம்மா வாய் திறந்தார். “தம்பி, இவன் கொழும்பு ஆஸ்பத்திரியிலல்லவா பிறந்தான்? பெத்தவ நான், எங்கே பெத்தேன்னு எனக்குத் தெரியாதா? பொய்யா சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார்.

மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். எங்களுக்கும் வெட்கமாகிவிட்டது. பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்பதை மதரஸாவில் படித்து, ஊருக்கும் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். “ஒரு மனிதருக்கு உதவிதானே” என்ற எண்ணம் எவ்வளவு எளிதாக அதன் வாசல் வரை கொண்டுவந்து விட்டது! கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உம்மாவை உட்காரவைத்து விவரம் கேட்டோம்.

மாஸ்டரின் வாப்பா 1948ல் நம் ஊரில் பிறந்தவர். இருபது வயதுக்கு மேல் இந்திய பாஸ்போர்ட்டில் கொழும்பு போய் ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். நிக்காஹ் நம் பள்ளிவாசலில் நடந்தது. பிறகு மனைவியையும் அழைத்துக்கொண்டார். 1979ல் அங்கே மகன் பிறந்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு தலைமன்னார் வழியாகக் கப்பலேறி இராமேசுவரம் வந்து இறங்கினார்கள். நான்கு வயதில் வந்த பிள்ளை அதன்பிறகு நம் ஊரை விட்டு எங்கும் போய்க் குடியிருந்ததில்லை. வாப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

“உண்மையைச் சொன்னால் என்னை இலங்கைக்காரன் என்று சொல்லிவிடுவார்களே” என்பதுதான் மாஸ்டரின் பயம். புரோக்கரும் அதைச் சொல்லித்தான் பயமுறுத்தியிருந்தார். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்கள் நம் ஊரில் பல இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ல் வந்தது. பிறப்பால், வம்சாவளியால், பதிவு செய்துகொள்வதால், நீண்ட காலம் வசித்து விண்ணப்பிப்பதால் என்று குடியுரிமைக்குப் பல வழிகளை அது சொல்கிறது. பாஸ்போர்ட் மனுவிலும் “எந்த வழியில் குடியுரிமை” என்று ஒரு கட்டம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலே “பிறப்பால்” என்று குறிப்போம். மாஸ்டர் குறிக்க வேண்டியது “வம்சாவளியால்” என்பதை. 1950 ஜனவரி 26 முதல் 1992 டிசம்பர் 10க்கு முன்பு வரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த சமயத்தில் தகப்பனார் இந்தியக் குடிமகனாக இருந்தால், இந்தியக் குடிமகனே. இது அந்தச் சட்டத்தின் 4வது பிரிவு. தகப்பனாரே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் மட்டும் குடிமகனானவர் என்றால் தூதரகப் பதிவு போன்ற கூடுதல் நிபந்தனை வரும். மாஸ்டரின் வாப்பா நம் ஊரில் பிறந்து இங்கேயே வளர்ந்தவர், ஆகவே அந்தச் சிக்கலும் இல்லை.

இலங்கையில் பிறந்ததனாலேயே ஒருவர் இலங்கைக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. அந்நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, தகப்பன் வழியைத்தான் பார்த்தது. மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனது அந்தச் சட்டத்தால்தான். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா சம்மதித்தது. மாஸ்டரின் குடும்பம் அந்தக் கணக்கிலும் வராது, பின்னாளில் முகாம்களுக்கு வந்த அகதிகள் கணக்கிலும் வராது. வேலைக்குப் போய்த் திரும்பிய இந்தியக் குடும்பம் அது. ஆனால் “கொழும்பு” என்ற சொல்லைப் பார்த்ததும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாகக் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதம் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வியாயிற்று. ஆதாரைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9வது பிரிவே சொல்கிறது. கடைசி பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கிய வெளிநாட்டவரும் ஆதார் பெற முடியும். மாஸ்டர் காட்ட வேண்டியவை இரண்டு: அவர் இன்னாருக்குப் பிறந்தவர் என்பது, அந்த இன்னார் அப்போது இந்தியக் குடிமகன் என்பது.

முதலாவதற்கு, கொழும்பில் இருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் அலைந்து பிறப்புப் பதிவின் நகல் எடுத்து அனுப்பினார். அங்கே அதைப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்பார்கள். சிங்களத்தில் இருந்ததால் மொழிபெயர்ப்பும், அங்குள்ள வெளியுறவு அமைச்சின் சான்றுறுதியும் தேவைப்பட்டன. அதில் தகப்பனாரின் இனம் என்ற இடத்தில் “இந்தியச் சோனகர்” என்றும், பிறந்த இடம் என்ற இடத்தில் நம் ஊர்ப் பெயரும் இருந்ததைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவதற்கு வாப்பாவின் பழைய பாஸ்போர்ட் வேண்டும். வீட்டில் இல்லை, தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து மாஸ்டரின் லாத்தா வீட்டுத் தகரப் பெட்டியில், யாஸீன் கிதாபோடு சேர்த்து ஒரு பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. அந்தக் காலத்தில் சிறு பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே எழுதுவார்கள். மகன் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருந்தன.

பெற்றோரின் நிக்காஹ் பதிவைக் காட்டலாம் என்று நம் பள்ளிவாசல் தஃப்தரைத் தேடினோம். 1970களின் நிக்காஹ் புத்தகங்களில் ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. நல்ல வேளையாக இவர்கள் பக்கத்தில் கையெழுத்துகள் தப்பியிருந்தன. அடுத்த பக்கத்தில் இருந்த ஐந்தாறு குடும்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரா அல்பகராவின் 282வது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்று பயானில் கேட்டிருக்கிறோம். அதைச் சொல்கிற ஜமாஅத்தின் புத்தகம் கரையான் கையில் இருந்தது. இப்போது பழைய புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து வருகிறோம்.

காகிதங்கள் சேர்ந்தும் மனு ஒரு முறை திரும்பி வந்தது. காரணம் தேதியும் எழுத்தும். கை காதைத் தொடுகிறதா என்று பார்த்து வயது எழுதிய காலத்தில் பள்ளியில் சேர்த்ததால், மாற்றுச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருந்தது. ஆதாரில் ஜனவரி 1. கொழும்புப் பதிவில் மே 14. முஹம்மது என்ற பெயர் ஒரு காகிதத்தில் ‘ஓ’ போட்டும் இன்னொன்றில் ‘யு’ போட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. வாப்பாவின் பெயரோடு ஓரிடத்தில் மட்டும் ‘ராவுத்தர்’ ஒட்டிக்கொண்டிருந்தது.

இது சின்ன விஷயம் அல்ல. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். அங்கே எழுத்துப் பிழையும் தேதி வித்தியாசமும் காரணமாக வெளிநாட்டவர் என்று முடிவு கட்டப்பட்ட ஒரு சகோதரரின் வழக்கில், இத்தகைய சிறு முரண்பாடுகளை வைத்து ஒருவரின் குடியுரிமையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீதிமன்றம் வரை போகாமல் நாமே நேரத்தோடு சரிசெய்துகொள்வது நல்லது. சரிசெய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. பிறப்புச் சான்றை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதன்படி ஆதார், பிறகு பான், வாக்காளர் அட்டை என்று போக வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு தவறான தேதிக்கு மாற்றிவிட்டால் பிறகு பெரும்பாடு.

புரோக்கர் சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாஸ்போர்ட் சட்டத்தின் 12வது பிரிவின்படி பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் பெறுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாஸ்போர்ட்டையும் பறிமுதல் செய்யலாம். உண்மையிலேயே இந்தியரான ஒருவர், இந்தியர் என்று காட்டுவதற்காகப் பொய் சொல்லிக் குற்றவாளி ஆகியிருப்பார்.

உண்மையாகவே நம் ஊரில் வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, பதிவு செய்யாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. ஒரு வருடம் கடந்த பிறப்புகளை உரிய விசாரணைக்குப் பின் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பதிவு செய்யலாம். அவர்களுக்கு மட்டும், உண்மை எங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும், டிரஸ்ட் கடிதம் தரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டுக்கு வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும், வேறு காகிதம் செல்லாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பெயரோடு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பெயர் வைக்கும் அன்றே அதன் ஆங்கில எழுத்தையும் முடிவு செய்து வீட்டில் எழுதி வையுங்கள்.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்களிடம் இதை அவசியம் தெரிவியுங்கள். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் இந்தியராக இருந்தாலும், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். மாஸ்டருக்குத் தானாகவே கிடைத்த உரிமை இன்று துபாயில் பிறக்கும் நம் பேரப்பிள்ளைக்குப் பதிவு இல்லாமல் கிடைக்காது.

இன்னொரு சந்தேகமும் எங்களிடம் வருகிறது. அரசுத் தேர்வு அறிவிப்புகளில் பர்மா, இலங்கை, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் தகுதிச் சான்று பெற வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கும். ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து மனுப் போடவே தயங்குகிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு அந்தச் சான்று தேவையில்லை. பாட்டனார் பர்மாவில் கடை வைத்திருந்தார் என்பதற்காக இங்கே பிறந்த பேரன் வேலையை விட வேண்டியதில்லை.

மாஸ்டரின் பாஸ்போர்ட் பதினோரு மாதம் கழித்து வந்தது. துபாய் உணவகம் அதுவரை காத்திருக்கவில்லை, வேறொருவரை வைத்துக்கொண்டது. மகளின் அந்த வருடக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஜகாத் நிதியிலிருந்து கொடுத்தோம். மீதிக்கு அவர் கடன் வாங்கினார். இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். புரோக்கர் வழியில் போயிருந்தால் இரண்டே மாதத்தில் விமானம் ஏறியிருக்கலாம் என்று அவருடைய மச்சான் இன்றும் சொல்கிறார். மாஸ்டர் பதில் சொல்வதில்லை. கத்தரில் ஓர் இடம் பேச்சில் இருக்கிறது, துஆச் செய்யுங்கள்.

பாஸ்போர்ட் வந்த அன்று அதை எங்களிடம் காட்ட உம்மாவையும் அழைத்துவந்தார். பிறந்த இடம் என்ன போட்டிருக்கிறது என்று உம்மா கேட்டார். கொழும்பு என்று வாசித்துக் காட்டினோம். “அதானே” என்றார்.

குடும்பக் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் முதல் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். வாப்பா, பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, பத்திரம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். யாரிடமும் விட்டுச் செல்லாதீர்கள், எங்களிடமும்தான்.

வஸ்ஸலாம்.