மைக்கை மாற்றலாமா?

கேள்வி: வீட்டு அறையிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. விலை கூடிய கண்டென்சர் மைக் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், கோலா கெத்தில், கெடா

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குறை மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. சிமெண்டுச் சுவரிலும் டைல்ஸ் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியைக் கண்டென்சர் இன்னும் துல்லியமாகப் பிடித்துக்கொடுக்கும்! 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கே அந்த அறைக்குப் போதும்.

துணி அடைத்த அலமாரியைத் திறந்து அதன் எதிரே மைக்கை வையுங்கள். பாடும் உங்கள் முதுகுக்குப் பின்னால் கனத்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். இதுபோன்ற கார்டியாய்டு மைக் உள்வாங்குவது முன்னாலிருந்து வரும் ஒலியை, அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நடுவே பாப் ஃபில்டர். நெருங்க நெருங்க அடிக்குரல் தடித்துவிடும். 24 பிட்டில் பதிந்து, உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். ஒலி உடைந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

நம் ஊரில் வேறு இரண்டு எதிரிகள்: காற்றாடி, தகரக் கூரையில் கொட்டும் சாயங்கால மழை. காற்றாடியை நிறுத்துங்கள், வியர்க்கத்தான் செய்யும். பதிவைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் சொற்களை மங்கவைத்துவிடும். யோகி பி–நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ (2006) ராப் ஆல்பத்தைக் கேட்டிருப்பீர்கள். ராப்பில் ஒரு சொல் மங்கினாலும் வரியே போச்சு.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் திருப்தி இல்லையென்றால், அப்போது மைக் கடைக்குப் போங்கள்.