போர்முனையில் அச்சமும் அடைக்கலமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் செல்லும் நம்மூர்த் தொழிலாளர்கள் மார்கழி மூடுபனியில் அவ்வளைவுகளைக் கடக்கும்போது, வண்டிக்கு முன்னே பத்தடி தூரமும் தெரியாத நாட்கள் உண்டு. அவ்வண்டியில் அச்சமில்லாதார் எவருமிலர். ஆயினும் இறங்கி ஓடுவாருமிலர். ஓட்டுபவனை நம்பி அமர்ந்திருக்கின்றனர். அச்சமும் நம்பிக்கையும் ஓருள்ளத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் எளிய உதாஹரணம் வேண்டுமோ?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையன்று கூட்டம் கலைந்த பின், ஓர் இளைஞர் கருடாழ்வார் ஸந்நிதியருகே தனித்து நின்றிருந்தார். மலையடிவாரக் கிராமத்தினர், சேனையில் பணிபுரிபவர், காஷ்மீர எல்லைக் காவலிலிருந்து விடுப்பில் வந்தவர்.

“சாமி, ஒன்று கேட்கலாமா?” என்றார்.

“கேள் தம்பி” என்றேன்.

“இரவுக் காவலின்போது திடீரென எதிர்ப்புறத்திலிருந்து சுட்டார்கள். கை நடுங்கிற்று, நாக்கு உலர்ந்துபோயிற்று. சிறு வயது முதல் சொல்லிவந்த பெருமாள் பேர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை சாமி. சாகப் பயந்தேனா, சாகடிக்கப் பயந்தேனா என்றுகூடத் தெரியவில்லை. விடிந்த பிறகுதான் அவர் நினைப்பே வந்தது. அப்படியானால் என் பக்தி பொய்தானே?”

“காவலிடத்தை விட்டு அகன்றாயோ?” என்று வினவினேன்.

“இல்லை சாமி. எங்கே போவது?” என்றார்.

“எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்று கூறித் தீர்த்தமும் துளசியும் ஸாதித்து அனுப்பினேன். அவர் முகம் தெளியவில்லை. கேட்டது ஒரு கேள்வி. அடியேன் தந்தது ஒரு வழக்கச் சொல். அக்குறை நெடுநாள் நெஞ்சில் உறுத்தியது. அன்று சொல்லத் தவறியதை இம்மலரில் ஒரு பாடமாக எழுதத் துணிந்தேன்.

1. தேர்த்தட்டில் நடுங்கியவன்

போர்முனையில் உடல் நடுங்கியோர் வரிசையில் முதலில் நிற்பவன் பாமரனல்லன்; காண்டீவம் ஏந்திய அர்ஜுனனே. வாய் உலர்ந்தது, மேனி நடுங்கியது, மயிர் சிலிர்த்தது, வில் கையினின்று நழுவியது என்று அவன் தானே கூறுவதைக் கீதையின் முதல் அத்தியாயத்தில் காண்கிறோம். நம் இளைஞர் சொன்ன குறிகளும் இவையேயன்றோ?

அர்ஜுனனது நடுக்கம் உயிராசையால் விளைந்ததன்று என்பதும் உண்மை. தகாத இடத்துச் செலுத்திய அன்பும் இரக்கமும், தர்மம் எது அதர்மம் எது என்னும் கலக்கமும் அதற்குக் காரணம் என்று ஆளவந்தார் கீதார்த்த ஸங்க்ரஹத்தில் நிர்ணயித்தருளினார். ஆகவே சாவதற்கு அஞ்சுதல் ஒன்று, சாகடிக்க அஞ்சுதல் மற்றொன்று. இரண்டும் ஒருங்கே வந்து ஒரு வீரனை அலைக்கழிக்கும்போது அவனால் அவற்றைப் பிரித்தறிய இயலாமை இயல்பே. கொல்ல நேரும் என்று கலங்குபவனிடம் நெஞ்சு இன்னும் உயிருடன் இருக்கிறது என்பதே பொருள்.

பகவான் அர்ஜுனனைக் கண்டிக்கவும் செய்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கடிவாளத்தை எறிந்துவிட்டுத் தேரினின்று இறங்கினானில்லை. நடுங்கியவனோடு பேசிக்கொண்டே இருந்தான். பதினோராம் அத்தியாயத்தில் விச்வரூபம் கண்டு அவன் மீண்டும் அஞ்சியபோதும், தன் பழைய இனிய திருமேனியைக் காட்டித் தேற்றினான். அஞ்சியவனுக்கென்றே ஒரு சாஸ்த்ரம் பிறந்தது என்றால், அச்சம் பக்திக்குப் புறம்பானது என எவ்வாறு கூறுவது?

2. சேனை எடுத்த பாதி, விடுத்த பாதி

1758ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டதும், நீலகிரி வெல்லிங்டனைத் தலைமையிடமாக உடையதுமான மதராஸ் ரெஜிமெண்ட்டின் குறிக்கோள் வாசகம் ஸம்ஸ்க்ருதத்தில் அமைந்தது. கீதையின் 3ஆம் அத்தியாயம் 35ஆம் சுலோகத்தினின்று எடுக்கப்பட்டது. தனக்குரிய கடமையில் நின்று மாளுதலும் மேன்மையே என்பது அதன் கருத்து. பாஷ்யகாரர் அச்சுலோகத்தைக் கர்மயோகத்தின் சிறப்பைக் கூறுவதாக விவரித்தருளினார். சேனை அதனைத் தன் தொழிலுக்கு இசையக் கொண்டது.

சேனை எடுத்துக்கொண்ட பகுதியை அடுத்துச் சுலோகத்தில் எஞ்சி நிற்பது அச்சம் பற்றிய பகுதி. தனக்குரியதை விட்டுப் பிறிதொன்றைப் பற்றினால் அதுவே பயத்தை விளைக்கும் என்கிறான் பகவான். இதனால் அறியத்தக்கது யாது? அச்சம் தோன்றுதல் குற்றமாகாது. அச்சத்தால் தன் நிலையை விட்டு அகலுதலே கேடு. நம் இளைஞர் கை நடுங்கியபடியே காவலிடத்தில் நின்றார். சுலோகத்தின் இரு பகுதிகளையும் அவ்வோரிரவில் நடத்திக் காட்டினார் எனலாம்.

3. திருநாமம் வாராத நேரம்

அவரை வருத்திய உண்மையான கேள்வி இதுவே. இதற்கு விடை நமக்கு அண்டை க்ஷேத்ரமான ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. அந்திமக் காலத்தில் உடல் நலிந்து உணர்வு கெடும்போது உன்னை நினைக்க இயலாது போகலாம். ஆகவே அந்நேரத்துக்காக இன்றே உன்னை நினைத்து வைத்தேன் என்னும் கருத்தில் பெரியாழ்வார் அரங்கனிடம் விண்ணப்பிக்கிறார். விஷ்ணுவையே சித்தத்தில் வைத்த ஆழ்வாரே தம் நாவை நம்பவில்லை என்றால், நம்மனோர் எம்மாத்திரம்?

வராஹ நாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரம சுலோகம் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. உடலும் உள்ளமும் நலமாயிருக்கையில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், கட்டையும் கல்லும் போல அவன் கிடக்கும் வேளையில் அவனைத் தானே நினைப்பதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். நினைக்கும் பொறுப்பு அந்நேரத்தில் இடம் மாறிவிடுகிறது. துப்பாக்கிச் சத்தத்தில் மதி மயங்கியவன் பெருமாளை மறந்தான். பெருமாள் அவனை மறந்தானில்லை. சிறு வயது முதல் சொன்ன நாமங்கள் அவ்விரவுக்காகச் சேர்த்துவைத்த முதல் அன்றோ?

மேலும், சரணாகதிக்கு அதிகாரம் வலிமையுடைமை அன்று. தன்னிடம் ஏதுமில்லை என்னும் ஆகிஞ்சந்யமும், வேறு புகலில்லை என்னும் அநந்யகதித்வமுமே அதிகாரம் என்பர் பூர்வாசார்யர்கள். “எங்கே போவது?” என்றாரே அந்த இளைஞர்! அவர் அதனை வேதாந்தமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவ்வுணர்வு அச்சொல்லில் இருந்தது. விபீஷணனை முன்னிட்டு, அடைந்தவர் எவராயினும் அபயமளிப்பதே தன் விரதம் என்று சக்ரவர்த்தித் திருமகன் அருளியதும் கடற்கரைப் போர்ப்பாசறையில்தான். அதனை விரித்து அபயப்ரதான ஸாரம் அருளிய வேதாந்த தேசிகன், ஸ்ரீரங்கம் படையெடுப்பால் சீரழிந்த காலத்தில் அச்சம் நீங்க வேண்டி அபீதி ஸ்தவமும் பாடினார். மஹாசார்யரும் அச்சத்தைப் பெருமாள் முன் எடுத்துரைக்க வெட்கப்படவில்லை.

4. காப்பு என்பதன் பொருள்

பக்தி இருந்தால் குண்டு பாயாது என்று கூறுவாரும் உளர். அது சாஸ்த்ர ஸம்மதமன்று. கண்ணனுக்கு மருமகனான அபிமன்யு பதின்மூன்றாம் நாள் போரில் மாண்டான். 1984இலிருந்து நம் சேனை காத்துவரும் சியாசென் பனியாற்றுக்கு ஏறுமுன், ஓ.பி. பாபா சந்நிதியில் தம் வரவை அறிவித்துச் செல்வது வீரர் வழக்கம். அப்பனியாற்றுப் பகுதியில், 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்நிலையில், 2016 பிப்ரவரி 3ஆம் நாள் பனிச்சரிவு பதின்மரைப் புதைத்தது. மதராஸ் ரெஜிமெண்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சார்ந்த அக்காவலில் தமிழர், கன்னடர், மலையாளி, ஆந்திரர், மராட்டியர் எனப் பலரும் இருந்தனர். நம் தேனி மாவட்டத்துக் குமணன்தொழுவைச் சேர்ந்தவரும் ஒருவர். ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் உயிர் நீத்தார். அவர்கள் நம்பிக்கையில் குறைந்தவர்கள் என்று எவர் நா கூசாது உரைப்பார்?

எம்பெருமான் தந்த வாக்கு கைவிடேன் என்பதே. அவ்வாக்கின் தன்மையைத் திருவல்லிக்கேணியில் ஸேவிக்கலாம். ஆயுதமெடேன் என்று விரதம் பூண்டு தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் தைத்த வடுக்களைப் பார்த்தஸாரதி உத்ஸவர் தம் திருமுகத்திலேயே தரித்திருக்கிறார் என்பது ஸம்ப்ரதாயம். பின்னே அமர்ந்தவன் காணும் அபாயத்தை முன்னே அமர்ந்தவன் முதலில் ஏற்கிறான். அம்பு வாராமல் தடுத்தான் என்பதைவிட, அம்பு வந்த இடத்தில் உடனிருந்தான் என்பதன்றோ நெஞ்சை உருக்குவது?

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, விடுப்பில் வரும் பிள்ளைகளிடம் “வீரனுக்குப் பயமா?” என்று கேளாதிருப்போம். அவர்கள் வாய் திறந்தால் செவிமடுப்போம். அடியேனைப் போல ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாகாது. இரண்டாவது, உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் மாதக்கணக்கில் நீடிக்குமாகில் படை மருத்துவமனையின் மனநல மருத்துவரை அணுகச் சொல்வோம். மருந்து உண்பது நம்பிக்கைக் குறைவாகாது. மூன்றாவது, சேனையில் பண்டிதர், க்ரந்தி, மௌல்வி, பாதிரியார் எனச் சமயாசிரியர்கள் உளர். தயங்காது அவர்களிடம் பேசும்படி கூறுவோம். நான்காவது, நலமான காலத்தில் நாள்தோறும் ஒரு முறையேனும் திருநாமம் சொல்லும் வழக்கத்தை இல்லங்களில் பேணுவோம். எவர்க்கு எந்த இரவு வரும் என்பதை யாரறிவார்?

17 வளைவுகளையும் கடந்தபின்னரே போடிமெட்டு எய்துகிறோம். கீதையிலும் 17 அத்தியாயங்கள் கடந்து, பதினெட்டாவதிலன்றோ துயர் வேண்டா என்னும் அபயம் கிட்டிற்று! அதுவரையில் நடுங்கியவன் தேரில்தான் இருந்தான். ஓட்டியவனும் அங்கேயே இருந்தான்.

அவ்விளைஞர் இப்போதும் எல்லையில் இருக்கிறார். இம்மலரின் ஒரு பிரதியை அவர்தம் தாயாரிடம் சேர்ப்பிக்க எண்ணியுள்ளேன். தம்பி, உன் பக்தி பொய்யன்று. அன்றே சொல்லியிருக்க வேண்டியது, இன்று சொல்கிறேன்.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.